மச்சான் ஏறாத பிக்கப்

கம்பத்து அரிசி மண்டி முதலாளி கோவிந்தப்பருக்குத் தன் நிழல் மேலேயே சந்தேகம். பிக்கப் வண்டி மலையேற முக்குகிறது என்றதும் டிரைவர் மாயழகைப் பிடித்துக்கொண்டார்.

"டீசலை உறிஞ்சி விக்கிறியாடா? நாளைக்கு வண்டி பறக்கணும். ஒரு நட்டைக் கழட்டினாலும், சரக்கைக் குறைச்சாலும் உனக்கு வேலை இல்ல."

"சரிங்க முதலாளி. எனக்குக் காவலா வர்ற உங்க மச்சானுக்குப் பதிலா நீங்க வாங்க, போதும்."

மச்சான் முருங்கைக்காய், முதலாளி நெல் குதிர். மறுநாள் அவர் ஏறியும் வண்டி குமுளி மலையில் குதிரையாய்ப் பாய்ந்தது.

"எப்படிடா?" முதலாளியின் கண் சுருங்கியது.

"மச்சான் ஒல்லிதாங்க. அவரு வந்தா நம்ம மண்டியிலருந்து திருட்டுத்தனமா கூடவே ஏறுற பத்து மூட்டைதாங்க கனம்."

"இதை நேத்தே சொல்றதுக்கென்ன?"

"சொல்லியிருந்தா என்னையில்ல சந்தேகப்பட்டிருப்பீங்க?"

முதலாளி வண்டியை மண்டிக்கே, மச்சானிடம் திருப்பச் சொன்னார். இறக்கத்தில் அது இன்னும் வேகமாகப் போனது.