கண்ணுக்குள் தண்ணீர் இறைத்தவள்

அம்பாசமுத்திரத்தில் சோடா போடும் ஆவுடையப்பனின் வலது கண்ணுக்குள் ஒரு நொதி குடியிருந்தாள். உடம்புக்குள் நடக்கிற வேலைகளைச் சட்டென்று முடித்துக் கொடுப்பவர்களுக்கு நொதி என்று பெயர். இவள் கரியமிலக் காற்றையும் நீரையும் சேர்த்து ஒரு வகை உப்பாக மாற்றுவாள். உப்பு போகும் இடத்துக்குத் தண்ணீர் தானாகப் பின்னால் வரும். அந்தத் தண்ணீர்தான் கண்ணுக்குச் சாப்பாடு. ரத்தக் குழாய் எட்டிப் பார்க்காத கருவிழிக்கும் வில்லைக்கும் அதை விட்டால் வேறு கதி இல்லை.

ஆவுடையப்பன் ஒரு தடவை கண் சிமிட்டுவதற்குள் அவள் லட்சம் தடவை அந்த வேலையைச் செய்துவிடுவாள். கொஞ்சம் தலைக்கனம் உண்டு. இவ்வளவு வேகம் இருந்தால் யாருக்குத்தான் இருக்காது?

அவளுடைய அக்கா தங்கைகள் உடம்பு முழுக்க இருந்தார்கள். ஒருத்தி ரத்தத்தில், ஒருத்தி சிறுநீரகத்தில், ஒருத்தி நாக்கில். எல்லோருக்கும் அதே வேலைதான். நாக்கில் இருந்தவளுக்கு மட்டும் ஊருக்குள் தனி மரியாதை. காலையில் போடும் முதல் சோடாவை ஆவுடையப்பன் தானே குடித்துப் பார்ப்பார். அதில் அடைத்திருக்கும் அதே கரியமிலக் காற்றைப் புளிப்பாக்கி நாக்கில் சுருக்கென்று குத்த வைப்பவள் அவள்தான். அந்தக் குத்தலை வைத்தே கேஸ் சரியாக ஏறியிருக்கிறதா என்று அவர் சொல்லிவிடுவார். முப்பது வருஷமாக மீட்டரைப் பார்த்ததில்லை.

கண்ணின் மூலையில் ஒரு வடிகால் இருந்தது. பழைய தண்ணீர் அதன் வழியாகத்தான் வெளியே போக வேண்டும். அவருக்கு ஐம்பத்தாறு வயதானபோது அதன் துளைகள் அடைபடத் தொடங்கின.

"ஏட்டி, கொஞ்சம் பைய இறை" என்றது வடிகால். ஊர்க்காரர் கண்ணில் குடியிருப்பவர்கள் ஊர்ப் பேச்சுதானே பேசுவார்கள். "என்னால வாங்க முடியல. தண்ணி தேங்குது."

"உமக்கு முடியலன்னா அதுக்கு நான் என்ன செய்ய?" என்றாள் நொதி. "பார்வையோட ஓரத்துல இருட்டு விழுதுன்னு கண்ணுக்குள்ள எல்லாரும் பேசுதாவ. இந்த நேரத்துல தண்ணியக் குறைச்சா கண்ணு என்னத்துக்கு ஆகும்?"

தேங்கிய தண்ணீர் எங்கே போகும்? ஏற்கெனவே அது கண்ணின் பின்சுவரில் போய் அழுத்திக்கொண்டிருந்தது. அங்கேதான் பார்வை நரம்பு இருந்தது. லட்சக்கணக்கான மெல்லிய இழைகளைச் சேர்த்துக் கட்டிய உடம்பு அதற்கு. அழுத்தம் ஏற ஏற ஒவ்வோர் இழையாகச் செத்தது. நரம்பு பாவம், வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத பிறவி. அது பேசாமல் இருந்ததால் தன் தண்ணீரால் ஒரு கெடுதலும் இல்லை என்றே நொதி நினைத்தாள்.

ஆவுடையப்பன் ஒரே வாரத்தில் மூன்று முறை வலது கைப்பக்கம் இருந்த பாட்டில்களைத் தட்டிவிட்டார். மூன்று முறையும் பாட்டில் வைத்த இடம் சரியில்லை என்றார். மூன்றாவது முறை அவர் மனைவி பிரமு கண்ணாடித் துண்டுகளைக் கூட்டிவிட்டு விளக்குமாற்றைச் சாத்தி வைத்தாள்.

"பாட்டிலுக்குக் காலா முளைச்சிருக்கு? சேலையை மாத்திட்டு வாறேன். திருநெல்வேலிக்குப் போயிக் கண்ணைக் காட்டுவோம்."

கண் ஆஸ்பத்திரியில் டாக்டர் ஜெசிந்தா கண்ணின் அழுத்தத்தை அளந்தார். இன்னொரு தடவை அளந்தார்.

"அண்ணாச்சி, இது குளுக்கோமா. கண்ணுக்குள்ள தண்ணி தேங்கி நரம்பை நசுக்குது. போன பார்வை போனதுதான், திரும்ப வராது. இருக்கிறதைக் காப்பாத்தணும். பிரஷர் ரொம்ப ஏறிக் கிடக்கு. முதல்ல மாத்திரையால சட்டுன்னு இறக்குவோம். விரல் மரத்த மாதிரி இருக்கும், பயந்துராதீங்க."

மாத்திரை வயிற்றில் இறங்கி, ரத்தத்தில் ஏறி, கண்ணுக்கும் வந்து சேர்ந்தது. வாட்டசாட்டமான ஆள். வந்த வேகத்தில் நொதி வேலை செய்யும் இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது. நொதியின் கை அப்படியே நின்றது.

"எந்திரிவே. இது என் எடம்."

"எந்திரிக்க எனக்கு உத்தரவு இல்ல" என்றது மாத்திரை. "ஒன்ன மட்டும் இல்ல, ஒன் அக்கா தங்கச்சி எல்லாரையும் பிடிச்சு உக்கார வச்சாச்சு. எனக்கு வீடு பாத்துப் போகத் தெரியாது."

கண்ணில் அழுத்தம் இறங்கியது. நரம்பு பல மாதங்களுக்குப் பிறகு மூச்சு விட்டது. ஆனால் மறுநாள் காலையில் ஆவுடையப்பன் முதல் சோடாவை உடைத்துக் குடித்தபோது அது வெறும் பச்சைத் தண்ணீராக இருந்தது. நாக்கில் குத்தலே இல்லை. போதாததற்கு ஈயம் பூசாத பாத்திரத்தில் வைத்த மாதிரி ஒரு ருசி.

நாக்கை அவர் சந்தேகப்படவில்லை. தன் நாக்கைச் சந்தேகப்படுகிறவன் சோடா போட வரமாட்டான். கேஸைத்தான் சந்தேகப்பட்டார். கொஞ்சம் கூட்டினார். மறுநாள் இன்னும் கொஞ்சம் கூட்டினார். நான்காம் நாள் இயந்திரத்துக்குள்ளேயே ஒரு பாட்டில் வெடித்து, தெறித்த சில்லு அவர் கையைக் கீறியது. பிரமு ஓடி வந்து கையைத் துணியால் கட்டினாள். பிறகு மிச்சமிருந்த ஒரு சோடாவை உடைத்து ஒரு மடக்கு குடித்தாள். மூக்கில் ஏறி, கண்ணில் நீர் கொட்டிவிட்டது.

"என்ன எழவுங்க இது, தொண்டையைக் கிழிக்கு" என்று இருமினாள். "இதைக் குடிச்சா ஒங்களுக்கு ஒண்ணுமே தெரியலியா?"

"தண்ணி மாதிரில்லா இருக்கு."

"அப்போ கெட்டது சோடா இல்ல. ஒங்க நாக்குதான்."

 ஆவுடையப்பனுக்கு உண்மையிலேயே பயம் வந்துவிட்டது. கண் ஓரத்தில் மங்கினால் தலையைத் திருப்பிப் பார்த்துக்கொள்ளலாம். நாக்கு போனால் என்ன செய்வது? மாத்திரை தொடங்கிய மறுநாள்தான் சோடா தண்ணீராக ருசித்தது என்று கணக்குப் போட்டார். அன்று மாத்திரை போடவில்லை. அடுத்த நாளும் போடவில்லை. பிரமு கேட்டதற்குப் போட்டாச்சு என்றார்.

மாத்திரை கண்ணை விட்டு எழுந்து போனது. நொதி கையை உதறிக்கொண்டு எழுந்தாள். நாலைந்து நாள் கட்டிப்போட்ட ஆத்திரமெல்லாம் சேர்ந்து, மூச்சுவிடாமல் இறைத்தாள்.

"பாத்தீரா?" என்று வடிகாலிடம் சொன்னாள். "கடைசியில நான்தான் ஜெயிச்சேன்."

அப்போது கண்ணின் பின்பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. அவள் அதுவரை கேட்டிராத குரல்.

"நீ ஜெயிச்ச இந்த ரெண்டு நாள்ல எனக்கு எத்தனை இழை போச்சுன்னு பாக்க வாரியா?" என்றது நரம்பு.

நொதி திரும்பிப் பார்த்தாள். அவள் குடியிருந்த இத்தனை வருஷத்தில் அந்தப் பக்கம் பார்த்ததே கிடையாது. நரம்பின் வாய் கிண்ணம்போல் குழிந்து கிடந்தது. விளிம்பில் வெளிறிப்போன இழைகள் தொங்கின.

"இது யார் செஞ்சது?" என்று கேட்டாள்.

 வடிகால் தேங்கிக் கிடந்த தண்ணீரைக் காட்டியது. நொதிக்கு மெதுவாக விளங்கியது. விளங்கியதும் அழுகை வந்தது. கண்ணுக்குள் அழுதால் அதுவும் தண்ணீர்தானே என்று அடக்கிக்கொண்டாள்.

"நாந்தான்னு தெரியும்போதும் எனக்குக் கை நிக்க மாட்டேங்குதே" என்றாள். "நான் என்ன செய்ய?"

இதற்குள் பிரமு மாத்திரை அட்டையில் இரண்டு நாளாக ஒன்றும் குறையாததைப் பார்த்துவிட்டாள். அன்றைக்கே இரண்டு பேரும் திருநெல்வேலி பஸ்ஸில் இருந்தார்கள். வழியெல்லாம் அவள் அட்டையைக் கையில் பிடித்தபடியே வந்தாள். திட்டியிருந்தால் ஆவுடையப்பனுக்கு நன்றாக இருந்திருக்கும்.

டாக்டர் முழுக் கதையையும் கேட்டுவிட்டு, "நீங்க என்ன தொழில்னு முதல் நாளே நான் கேட்டிருக்கணும்" என்றார். "சோடாவோட சுருக்கை எடுத்துரும் அந்த மாத்திரை. உங்க நாக்குக்கு ஒண்ணும் ஆகலை அண்ணாச்சி. அதே மருந்துல சொட்டு இருக்கு. கண்ணுல விட்டுட்டு, மூக்கோரமா விரலால ரெண்டு நிமிஷம் அழுத்திப் பிடிச்சுக்கோங்க. தொண்டைக்கு இறங்காது."

"அதை எத்தனை நாளைக்கு விடணும்மா?"

"ஆயுசுக்கும். ஒரு நாள் விட்டுப்போனாலும் நரம்புக்குத்தான் நஷ்டம்."

"நான் விட்டுருதேன் டாக்டரம்மா" என்றாள் பிரமு. "இவுஹள நம்ப முடியாது."

சொட்டு சின்ன உருவம். நொதியின் முன்னால் வந்து நின்று, உட்காரட்டுமா என்று கேட்டது.

"நீ அந்தத் தடியனுக்குச் சொந்தமா?" என்றாள் நொதி.

"ஒரே வம்சம். ஆனா எனக்கு ஒங்க வீடு மட்டுந்தான். தங்கச்சிகளத் தொந்தரவு பண்ண மாட்டேன்."

"நான் அடியோட நின்னுட்டா வில்லை பட்டினி கெடக்காதா?"

"கண்ணுக்கு வேணுங்குறது வேற வழியாவும் வரும். தேங்குறதுதான் வராது. கையை இங்கன குடுங்க, நான் பிடிச்சுக்கிடுதேன்."

நொதி கையை நீட்டினாள்.  சொட்டு அதைப் பிடித்துக்கொண்டது. காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, பிரமு தவறாமல் சொட்டை அனுப்பி வைத்தாள். சோடாவின் சுருக் நாக்குக்குத் திரும்பி வந்தது. ஆவுடையப்பன் கேஸைப் பழைய அளவுக்கு இறக்கிவிட்டு, முதல் பாட்டிலைப் பிரமுவிடம் நீட்டிக் குடித்துப் பார்க்கச் சொன்னார். இப்போதெல்லாம் மீட்டரையும் ஒரு பார்வை பார்க்கிறார்.

ஆறு மாதம் கழித்து ஆஸ்பத்திரியில் அவரை ஒரு கருவிக்கு முன்னால் உட்கார வைத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். டாக்டர் ஜெசிந்தா பழைய தாளையும் புதிய தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஓரத்தில் கறுப்பு இருந்த இடத்தில் கறுப்பு. வெளுப்பு இருந்த இடத்தில் வெளுப்பு.

ஆவுடையப்பனின் முகம் சுருங்கிவிட்டது. "அப்படியேதான் இருக்கா? இம்புட்டு நாள் சொட்டு விட்டதெல்லாம் வீணா?"

டாக்டர் இரண்டு தாளையும் பிரமு கையில் கொடுத்தார். "நீங்களே பாருங்கக்கா. ஒரு புள்ளி கூட மாறலை. எனக்கு இதைவிட நல்ல தாள் யாரும் கொடுத்ததில்லை." பிரமு முதலில் தாளைப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்துச் சிரித்தாள். திருநெல்வேலிக்குக் கிளம்பிய முதல் நாளிலிருந்து அவள் அப்படிச் சிரிக்கவில்லை.

கண்ணுக்குள் நொதிக்கு மட்டும் மனசு ஆறவில்லை. கையைக் கட்டிக்கொண்டு இருந்து பழக்கமில்லாதவள். நரம்பின் பக்கம் திரும்பி, தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"நான் இறைக்காம இருந்த இந்த ஆறு மாசத்துல அங்கன என்ன நடந்துச்சு?"

நரம்பு தன் இழைகளை ஒருமுறை தடவி எண்ணிப் பார்த்தது. ஒன்றுகூடக் குறையவில்லை.

"ஒண்ணுமே நடக்கலம்மா" என்றது.