பன்னிரண்டாவது ஒன்று

காலம் எதுவென்று கேட்காதீர்கள், ரொம்பப் பழையது. செம்பாறை நாட்டைக் கோதண்ட பூபதி என்றொரு ராஜா ஆண்டுவந்தான். காலையில் கொடுத்த கிராமத்தைச் சாயங்காலம் பிடுங்கிக்கொள்கிற ராஜா. மந்திரி பதவிமேல் ஒரு கண் வைத்திருந்த ஆஸ்தானக் கணிதர் மார்த்தாண்டர், கோட்டை வாசலில் ஓர் எண்ணைச் செதுக்க வைத்தார். ஒன்று என்ற இலக்கத்தை அடுத்தடுத்துப் பதினொரு தடவை எழுதினால் வருகிற பிரம்மாண்டமான எண்.

"எங்கே பார்த்தாலும் ஒன்று. தங்களைப் போலவே யாராலும் பங்குபோட முடியாதது, மகாராஜா" என்றார். ராஜாவுக்கு உச்சி குளிர்ந்தது.

அந்த நேரம் பார்த்தா மந்திரி திருமேனியின் தம்பி சாத்தன் வாயைத் திறக்கவேண்டும்? "வரியில் பாதியை ஊர்களுக்கே விட்டுவிடலாமே, மகாராஜா" என்றான்.

"என்னிடமே பங்கா? வாசலில் இருக்கிற எண்ணை எவனாவது மீதி வராமல் வகுத்துக் காட்டட்டும். அன்றைக்கு நீ சிறையிலிருந்து வெளியே வரலாம்" என்றான் ராஜா.

"ஒன்றால் வகுப்பதும் அதே எண்ணால் வகுப்பதும் செல்லாது" என்று கணிதர் முடிச்சை இறுக்கினார். சாத்தன் பாதாளச் சிறைக்குப் போனான்.

மந்திரி மூன்றால் வகுத்தார், ஏழால் வகுத்தார், பதிமூன்றால் வகுத்தார். ஒவ்வொரு தடவையும் கடைசியில் ஏதோ மிஞ்சி அவரைப் பார்த்துப் பல்லிளித்தது. வருஷங்கள் ஓடின. சாத்தனின் மனைவி பிறந்த ஊருக்கே போய்விட்டாள். சிறைச் சோற்றில் கொஞ்சம் நெய் விடச் சொல்வதற்கு மேல் மந்திரியால் ஒன்றும் ஆகவில்லை. அந்த எண் வகுபடாது, தம்பி வரமாட்டான் என்று முடிவுகட்டி, வாசலை நிமிர்ந்து பார்ப்பதையே விட்டுவிட்டார்.

ஒருநாள் காவலர்கள் இரண்டிரண்டு பேராக வாசலுக்குள் நுழைந்தார்கள். கடைசி ஆள் மட்டும் ஜோடியில்லாமல் வந்தான். மந்திரி அவனைப் பார்த்தார். பிறகு மேலே, கடைசி ஒன்றைப் பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார்.

ராஜாவின் பிறந்தநாள் வந்தது.

"வாசல் எண்ணில் இன்னொரு ஒன்று சேர்த்தால் தங்கள் பெருமைக்குப் பொருத்தமாக இருக்கும், மகாராஜா. ஆனால் கணிதர் சம்மதிக்கமாட்டார், பாவம். உடைந்துவிடுமோ என்று பயம்" என்றார் மந்திரி.

"பயமா, எனக்கா?" மார்த்தாண்டர் சிலிர்த்துக்கொண்டார். "ஒன்றோடு ஒன்று சேர்ந்தால் உறுதிதான் கூடும். தம்பி ஏக்கத்தில் மந்திரியாருக்கு மூளை குழம்பிவிட்டது."

"இருக்கலாம். புது எண்ணுக்கும் அதே நிபந்தனைதானே?"

"அதேதான்" என்றான் ராஜா. "கூப்பிடு கல்தச்சனை."

கல்தூசி அடங்குமுன் மந்திரி கல்தச்சனின் ஏணியில் ஏறி முதல் இரண்டு இலக்கங்கள்மேல் இரண்டு விரலை வைத்தார். "இரண்டிரண்டாகப் பாருங்கள், மகாராஜா. இது பதினொன்று. பக்கத்தில் பதினொன்று. அதற்குப் பக்கத்திலும் பதினொன்று. கடைசிவரை அதேதான். பதினொன்றால் வகுத்தால் என்ன மிஞ்சும்?"

யாரோ ஒரு காவலன் இருமுவதுபோல் சிரித்தான்.

ராஜா திரும்பினான். "கணிதரே, பழைய எண் வகுபடாதென்று உமக்கு எப்படித் தெரியும்?"

"ஒன்பது வரை வகுத்துப் பார்த்தேன், மகாராஜா."

"அதற்கு மேல்?"

"அதுதான் யாருமே வகுத்துக் காட்டவில்லையே…"

ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டான். "கணிதரே, பழையது வகுபடுமா படாதா என்று சாத்தனின் அறையில் உட்கார்ந்து கண்டுபிடித்துவிட்டு வாரும்."

சாத்தன் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தான். தலை நரைத்திருந்தது. வெளிச்சத்தில் கண்ணைத் திறக்க முடியவில்லை. மந்திரிக்கு அந்த முத்துமாலையை எங்கே ஒளிப்பதென்று தெரியவில்லை.

"வகுத்துட்டாங்களா அண்ணே?"

"எண்ணையே மாத்திட்டேன்டா."

"அப்ப பழசு?"

"தெரியலைடா."

சாத்தன் தலையாட்டினான். பக்கத்தில் காவலர்கள் கணிதரை அழைத்துக்கொண்டு போவதை உணர்ந்து அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பினான். "ஐயா, இருபத்தோராயிரத்து அறுநூறு வரைக்கும் நான் பார்த்துட்டேன். எல்லாத்துலயும் மீதி வருது. சுவத்துல கீறி வச்சிருக்கேன். நீங்க அதுக்கு மேலேருந்து ஆரம்பிங்க."

பழைய எண்ணும் வகுபடுகிற எண்தான். மீதியில்லாமல் அதை வகுப்பது இருபத்தோராயிரத்து அறுநூற்று நாற்பத்தொன்பது. சாத்தனுக்கு அது தெரியாது. மந்திரிக்கும் தெரியாது.

"ஒரு கைதியின் கணக்கை நான் நம்புவதா?" என்ற மார்த்தாண்டர் உள்ளே போனார். சுவரிலிருந்த கீறல்களைச் சுரண்டி அழித்துவிட்டு, இரண்டிலிருந்து தொடங்கினார்.