மிஞ்சிய கிளை

அந்தக் கோவை கம்பெனியில் ஆளாளுக்குக் ‘கிட்’ என்ற மென்பொருளில் தனிக் கிளை (தனிப் பிரதி) திறந்து புரோகிராம் எழுதுவார்கள், முடிந்ததும் ‘மெயின்’ என்ற பொதுப் பிரதியில் சேர்ப்பார்கள். கிளைகள் நூற்றுக்கணக்கில் குவிந்துவிட்டன.

“எல்லாத்தையும் இன்னைக்கே அழி. யாரோட வேலையாவது தொலைஞ்சா நீ வீட்டுக்குப் போகலாம்” என்று புதிதாகச் சேர்ந்த பெனசீரை மிரட்டினார் மேலாளர் சர்வோத்தமன்.

பெனசீர் எதையும் திறந்து பார்க்கவில்லை. மெயினில் சேராத கிளையென்றால் அழிக்க மறுக்கும் கட்டளையையே எல்லாவற்றுக்கும் கொடுத்தாள்.

“ஒண்ணு மட்டும் போக மாட்டேங்குது சார். இன்னும் மெயினில் சேர்க்கலையாம்.”

பக்கத்தில் முதலாளி நின்றதால் சர்வோத்தமன் குரலை உயர்த்தினார். “எவன் அந்தப் பொறுப்பில்லாதவன்?”

“பேரைச் சத்தமா வாசிக்கவா சார்?”

“வாசி!”

“சர்வோத்தமன்.”

“போன மாசமே முடிச்சாச்சுன்னீங்களே?” என்றார் முதலாளி.

அவர் போனதும் சர்வோத்தமன் பெனசீர் அருகே நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“மெயினில் சேர்க்கிறது எப்படிம்மா?”