எறும்பு எறும்பைத் தொடுவது ஏன்?

அந்தக் காலத்தில், எறும்பும் நண்டும் வழியில் கண்டால் நின்று நலம் விசாரித்துக்கொண்ட காலத்தில், ஒரு காட்டாற்றின் கரையில் எறும்புக் கூட்டம் ஒன்று குடியிருந்தது. கெட்டிக்காரக் கூட்டம்தான். ஆனால் ஒரு வீம்பு உண்டு. வாயில் சுமையோடு வருகிறவள் அதைக் களஞ்சியத்தில் இறக்கும்வரை யாரோடும் பேசக்கூடாது. வழியில் இறக்கி வைத்துப் பேசிவிட்டால் போச்சு, சோம்பேறி என்று ஏழு நாள் கேலி செய்து தீர்த்துவிடுவார்கள்.

கருமணி என்ற எறும்பு அந்தக் கேலிக்கு ஒருநாளும் ஆளானதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. அவளுடைய தங்கை தினை, காய்ந்து கிடந்த ஆற்று மணலில் புது வளை தோண்டி, தன் முட்டைகளை ஒவ்வொன்றாக அங்கே சுமந்துகொண்டிருந்தாள்.

ஒரு நாள் கருமணி ஆற்றோரமாக வெகுதூரம் மேலே போய், நல்ல புல்லரிசி ஒன்றைக் கண்டுபிடித்தாள். பக்கத்தில் ஒரு நண்டு, குஞ்சுகளை வயிற்றில் சுமந்தபடி மேட்டில் ஏறிக்கொண்டிருந்தது.

“எங்கே அத்தை, இந்த வெயில்ல கிளம்பிட்டீங்க?”

“மலையில மூணு நாளா மழை கொட்டுது. ஆத்துல தண்ணி இறங்கி வருது. உங்க வீட்டுலயும் சொல்லிடு தாயி.”

கருமணி நிமிர்ந்து பார்த்தாள். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. மலை எங்கேயோ நீலமாகத் தெரிந்தது. ‘மலை எங்கே, நாம எங்கே? அரிசியை இறக்கிட்டுச் சொல்லிக்கலாம்’ என்று கவ்விக்கொண்டு நடந்தாள்.

பாதி வழியில் தினை எதிரே வந்தாள். வாயில் கடைசி முட்டை. அக்காவைக் கண்டதும் ஒதுங்கி வழிவிட்டாள். கருமணிக்கு மனசு கேட்கவில்லை. சொல்லிவிட்டால் என்ன? ஆனால் அவளுக்குப் பின்னால் சுமையோடு வரிசையில் வந்த எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றும் சொல்லாமல் தங்கையைக் கடந்து போனாள்.

களஞ்சியத்தில் அரிசியை இறக்கி, “ஆறு வருது!” என்று அவள் கத்தும்போதே வெளியே இரைச்சல் கேட்டது.

ஓடினாள். மணல் இருந்த இடத்தில் செந்தண்ணீர் புரண்டு ஓடியது. கரையோர நாணல் ஒன்றில் தினை தொற்றிக்கொண்டிருந்தாள், நனைந்து நடுங்கியபடி. வாயில் அந்த ஒரு முட்டை. மற்றவை வளையோடு போய்விட்டன.

“தெரிஞ்சும் சொல்லாம வந்துட்டேன்டி,” என்று கருமணி அழுதாள். “வாயில சுமை இருந்துச்சு.”

கரையேறிய தினை முட்டையை மெல்லக் கீழே வைத்தாள். அவள் கோபிக்கவில்லை. அதைத்தான் கருமணியால் தாங்க முடியவில்லை.

“வாயைத் தொறக்க முடியாட்டி என்னக்கா? என்னை ஒரு தொடு தொட்டிருந்தா நின்னிருப்பேனே.”

அன்று பிடித்த பழக்கம்தான் இது. வாயில் எவ்வளவு பெரிய சுமை இருந்தாலும், எதிரே வரும் ஒவ்வொருத்தியிடமும் ஒரு கணம் நின்று, மீசையால் அவள் முகத்தைத் தொட்டுவிட்டுத்தான் இன்றைக்கும் எறும்பு நகர்கிறது.