வேங்கை தின்ற கறி

சிரிக்க ஒரு கதை வைத்திருக்கிறேன். ஆனால் இப்போதே பல்லைக் காட்டிவிடாதீர்கள். சிரிப்பு கடைசியில்தான் வரும். அதற்கு முன்னால் ஒரு ராசா வரவேண்டும், ஒரு நாய் வரவேண்டும், ஒரு வயிற்றுவலி வரவேண்டும்.

மலையெல்லாம் காடாக இருந்த காலத்தில், கல்லுமடைச் சீமையைப் பொம்மையராசா ஆண்டுவந்தார். காலியான நெற்குதிருக்குள் தலையை விட்டுப் பேசினாற்போல் அவருக்குக் குரல். அவரிடம் ஒரு வேட்டை நாய். பெயர் வேங்கை. அதைக் கண் திறக்காத குட்டியிலிருந்து வளர்த்தவள் உலகம்மை. முன்பு தென்கரைச் சத்திரத்தில் யாத்திரைக்காரர்களுக்குச் சமைத்துக்கொண்டிருந்துவிட்டு, அரண்மனைக்கு வந்தவள். வேங்கை வாலை ஆட்டினால் உலகம்மை தலையை நிமிர்த்துவாள். அவ்வளவு பெருமை.

ஒருநாள் பக்கத்துச் சீமை வெள்ளையசாமி ஓலை அனுப்பினார். "மூன்று மாதம் கழித்து ஆற்றுமணலில் நாயோட்டம். தோற்ற நாய் ஜெயித்தவர் வீட்டுக்கு!"

பொம்மையராசா உலகம்மையைப் பார்த்து மீசையை முறுக்கினார். "வேங்கை என்று பெயர் வைத்துவிட்டுக் கூழா ஊற்றுகிறாய்? இன்று முதல் கறி! கறியைத் தவிர வேறெதுவும் அதன் சட்டியில் விழக்கூடாது. விழுந்தால் நீ சத்திரத்துக்கே போகலாம்!"

முதல் வாரம் வேங்கை துள்ளியது. இரண்டாம் வாரம் படுத்தது. மூன்றாம் வாரம் வயிறு கல்லாகி, முக்கி முக்கிப் பார்த்தது. ஒன்றும் ஆகவில்லை. தோட்டத்துக்குப் போய்ப் புல்லைத் தின்று, அப்படியே கக்கியது.

அரண்மனை வைத்தியர் வந்தார். அவர் பேசுவது மூக்கால். "ங்பார்த்தீர்களா மகாராசா! தின்ற புல் ங்அப்படியே வந்துவிட்டது. நாய்க்குடலுக்கும் தழைக்கும் ஜென்மப் பகை. கறியை இரட்டிப்பாக்குங்கள்!"

ராசா இரட்டிப்பாக்கினார்.

"ங்ஜென்மப் பகையாம்!" வைத்தியர் போனபின் உலகம்மை வேங்கையின் காதில் மூக்கால் சொன்னாள். "பச்சைப் புல்லைத் தின்றால் அந்தக் கிழவருக்கும்தான் அப்படியே வரும். வேகவைத்து மசித்துத் தரட்டும், செரிக்கிறதா இல்லையா என்று அப்புறம் பேசட்டும்."

சத்திரத்து வாசலில் கிடந்த நாய்கள் எல்லாம் வெந்த சோறும் காயும் தின்று முயலை விரட்டியவை. அதை அவள் கண்ணால் கண்டவள். ஆனால் ராசா கட்டளை? கறியைத் தவிர வேறெதுவும் கூடாதே! வேங்கையின் தலையை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தாள். யோசிக்க யோசிக்க உதட்டோரம் சிரிப்பு வந்தது. உங்களுக்கு இன்னும் இல்லை. பொறுங்கள்.

அரண்மனையில் கறி என்றால் ஆடு. உலகம்மை சமைத்த சத்திரத்தில், மாமிச வாசமே படாத அந்த அடுக்களையில், கறி என்றால் என்ன? வாழைக்காய்க் கறி. அவரைக்காய்க் கறி. பூசணிக்காய்க் கறி!

அன்றே அடுப்பு மூட்டினாள். பூசணியைக் குழைய வேகவைத்தாள். அவரையை நார் உரித்து மசித்தாள். கீரையைக் கடைந்தாள். உப்பு, காரம் கிடையாது. வெங்காயம் நாய்க்கு ஆகாதென்று அதைத் தொடவே இல்லை. ஆட்டுக்கறியையும் விடவில்லை. அளவாக நறுக்கிக் கலந்தாள். வேங்கை சட்டியை நக்கி நக்கித் தேய்த்தது. நான்காம் நாள் வயிறு இளகியது. பத்தாம் நாள் உலகம்மையின் முந்தானையைக் கவ்விக்கொண்டு ஓடியது.

முதல் மாதம் ராசா கேட்டார். "சட்டியில் என்ன?"

"கறி, மகாராசா."

இரண்டாம் மாதம் கேட்டார். "வேறெதுவும் இல்லையே?"

"கறியைத் தவிர ஒன்றும் இல்லை, மகாராசா."

மூன்றாம் மாதம் அடுக்களைக்கே வந்துவிட்டார். மூடிய பானையிலிருந்து ஆவி பறந்தது. உலகம்மை பானைக்கு முன்னால் வந்து நின்றுகொண்டாள். ராசா மோந்து பார்த்தார். ஆட்டு வாசம். "பேஷ்! கறியேதான்!" என்று மீசையை இரண்டு சுற்று முறுக்கிக்கொண்டு போனார்.

போட்டி நாள். ஆற்றுமணலில் வேங்கை கிளம்பியதுதான் தெரியும். வெள்ளையசாமியின் நாய் பாதி தூரம் வருவதற்குள், இது எல்லையைத் தொட்டுவிட்டு உலகம்மையின் காலடியில் வந்து உட்கார்ந்தது. அவள் அன்றைக்கு ஒரு விரற்கடை வளர்ந்துவிட்டாள் என்றே சொல்லவேண்டும்.

"பார்த்தீரா வெள்ளையசாமி! எல்லாம் கறி! வெறும் கறி!" குதிர் முழங்கியது.

வெள்ளையசாமி உலகம்மையிடம் திரும்பினார். "என்ன கறி தாயே? மான்கறியா, முயல்கறியா?"

உலகம்மை நிமிர்ந்து நின்றாள். தன் கைச் சமையலை மறைக்க அவளுக்கு மனம் வரவில்லை. "பூசணிக்காய்க் கறி சாமி. மறுநாள் அவரைக்காய்க் கறி. அதற்கு மறுநாள் கீரைக் கறி. கூடவே அளவாய் ஆட்டுக்கறி. மகாராசா உத்தரவுப்படி கறியைத் தவிர ஒன்றும் போடவில்லை!"

வைத்தியர் மூக்கைப் பொத்திக்கொண்டார். ராசாவின் கை மீசையிலேயே நின்றுவிட்டது. முதலில் வேங்கையைப் பார்த்தார். பிறகு உலகம்மையைப் பார்த்தார். வாய்க்குள் மெல்லச் சொல்லிப் பார்த்தார்.

"கறி... காய்... கறி... அடி உலகம்மை!"

இப்போது சிரியுங்கள்.

இன்னொரு உயிருக்கு என்ன உணவு என்பதை நம் வீம்பைக் கேட்டு முடிவுசெய்யாமல், அதன் வயிற்றைக் கேட்டு முடிவுசெய்ய வேண்டும்.