கோலத்து நடுவில் ஒரு கங்கு

மழையும் பனியும் எறும்பும் மனுஷரோடு வாய்விட்டுப் பேசிய அந்தக் காலத்தில், கடலோரப் பட்டணம் ஒன்றில் மழைக்கு மாசக்கணக்கு எதுவும் கிடையாது. நினைத்தபோது வருவாள், நினைத்தபோது போவாள்.

ஒரு மார்கழி முதல் நாள், வடக்கு மலையிலிருந்து வெண்பனி கடலைப் பார்த்துப் போக வந்தாள். ஒரே நாள்தான் தங்குவதாக எண்ணம். விடியற்காலையில் தெருவுக்குள் இறங்கியவள் அப்படியே நின்றுவிட்டாள். வீட்டுக்கு வீடு வாசலில் வெள்ளை வெளேரென்று அரிசிமாவுக் கோலம்!

"என் நிறத்திலேயே பாய் விரித்து வைத்திருக்கிறார்களே! இப்படிக் கூப்பிடுகிற ஊரை விட்டு எப்படிப் போவது?" என்று ஒவ்வொரு கோலத்தின் மேலும் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

ஊருக்குக் கிளம்ப மூட்டை கட்டிக்கொண்டிருந்த மழைக்கு வயிறு எரிந்தது. "நேற்று வந்தவளுக்கு வாசலில் வரவேற்பு. எனக்கு ஒரு புள்ளி உண்டா? முதலில் அவள் போகட்டும், அப்புறம் நான் போகிறேன்."

பகலெல்லாம் மழை கொட்டியது. விடியலில் பனி கொட்டியது. விறகு நனைந்தது, வரட்டி கரைந்தது. ஒன்பது நாளில் தெருவிலிருந்த அடுப்பெல்லாம் ஒவ்வொன்றாக அவிந்துபோயின. பூங்காவனம் என்ற பெண்ணின் வீட்டில் மட்டும் ஒரே ஒரு கங்கு மிச்சம். அதை மண்சட்டியில் வைத்து, பக்கத்தில்தான் நாற்பது நாள் மகளைக் கிடத்தியிருந்தாள். பிள்ளையின் பாதம் நீலம் பூத்திருந்தது. பாலுக்கு வாய் திறக்கவில்லை.

பத்தாம் நாள் விடியலில், கை பழகிப்போனதால் பூங்காவனம் கோலமாவுக் கிண்ணத்தை எடுத்தாள். உள்ளேயிருந்து ஒரு சிற்றெறும்பு கத்தியது.

"போடாதேக்கா! நீங்க போடப்போடத்தான் பனி உட்கார்றா. தனக்கு விரிச்ச பாய்னு நினைச்சுக்கிட்டா!"

"ஏண்டி, இதை முதல் நாளே சொல்றதுக்கென்ன?"

"சொன்னா கோலத்தை நிறுத்திடுவீங்க. அப்புறம் நாங்க எதைத் திங்கிறது?" எறும்பு தலையைக் குனிந்துகொண்டது. "இப்ப மட்டும் என்ன வாழுது? மாவெல்லாம் பனிக்கடியில உறைஞ்சு கெடக்கு."

"சரி, இனிமே போடலைன்னா போயிடுவாளா?"

"பழைய கோலத்து மேல உட்கார்ந்திருக்காளே! சூடு பட்டாத்தான் எழுந்திருப்பா."

பூங்காவனம் திரும்பிச் சட்டியைப் பார்த்தாள். அவள் புருஷன் வேலாயுதம் அந்தப் பார்வையைப் பிடித்துவிட்டான்.

"அடியே, உனக்குப் பைத்தியமா? புள்ளைக்கு இருக்கிறதே அது ஒண்ணுதான்!"

"வச்சிருந்தாலும் பொழுது சாயறதுக்குள்ள அவிஞ்சிடும். அதுக்கப்புறம் என்ன செய்வீங்க? புள்ளையை நெஞ்சோட சேர்த்துக் கட்டிக்கோங்க. பேசிக்கிட்டே நிக்காதீங்க."

வாசலில் பனியைத் தள்ளிவிட்டு, அதுவரை போடாத அளவுக்குப் பெரிய கோலமாகப் போட்டாள். நடுவில் சட்டியிலிருந்த நெருப்புக் கங்கை எடுத்து வைத்தாள். முதல் பனித்துகள் விழுந்தது. கங்கின் ஒரு பக்கம் கறுத்தது. கைகளைக் குவித்து மறைத்து ஊதினாள். மறுபக்கமும் கறுக்கத் தொடங்கியது. உள்ளே பிள்ளையின் சத்தமே இல்லை. விடாமல் ஊதினாள். கங்கு கண் திறந்தது.

"அடடா, இன்றைக்குப் பாய் எவ்வளவு பெரிசு!" என்று பனி ஆசையாக அதன் மேலும் வந்து உட்கார்ந்தாள்.

"ஐயோ, சுடுதே!"

ஊரில் எல்லாக் கோலத்திலிருந்தும் ஒரே நேரத்தில் துள்ளி எழுந்தாள். துளித் துளியாகச் சிதறி வடக்கே ஓடினாள். கங்கும் புஸ்ஸென்று அவிந்தது.

இப்போது மழை மட்டும் தலைக்கு மேல் கறுத்து நின்றாள். "அவள் போய்விட்டாள். எங்கே, எனக்கு ஒரு கோலம் போடு. இல்லாவிட்டால் கொட்டுவேன்."

கொட்டினால் பிள்ளை பிழைக்காது. பூங்காவனம் நிமிர்ந்தாள். "போட்டா நிக்குமாம்மா? நீ இறங்கினதுமே அழிஞ்சிடுமே. இது என்ன மாவு தெரியுமா? நீ பேஞ்சு விளைஞ்ச நெல்லு. நீ போனபிறகு தெரு முழுக்க நாங்க உன்னைத்தான் கோலமாப் போட்டுவைக்கிறோம். பனிக்கு யாரு போட்டது?"

மழையின் கறுப்பு கொஞ்சம் வெளுத்தது. "இதை முன்னமே சொல்லக்கூடாதா?" என்று மட்டும் முனகினாள். "இனி ஐப்பசியில் வருகிறேன், கார்த்திகையோடு போய்விடுகிறேன். அப்புறம் நன்றாகப் பெரிதாகப் போடு."

மேகம் விலகியது. வேலாயுதம் பிள்ளையை வெயிலுக்குத் தூக்கிவந்தான். கொஞ்ச நேரத்தில் அது வீல் என்று கத்தியது, பசியில். அப்படியொரு அழுகையைக் கேட்டுப் பூங்காவனம் அன்றைக்குத்தான் சிரித்தாள்.

மறுவருஷம் பனி மறுபடியும் எட்டிப் பார்த்தாள். மகளுக்கோ கண்டதையெல்லாம் பிடித்து வாயில் போடுகிற வயது. வாசலில் நெருப்பு வைக்க முடியுமா? பூங்காவனம் கூரையில் பூத்திருந்த பூசணிப்பூவைப் பறித்து, சாண உருண்டையில் செருகிக் கோலத்து நடுவில் வைத்தாள். தூரத்தில் நின்ற பனிக்கு அது அசல் கங்காகவே தெரிந்தது.

அன்று முதல்தான் அந்தப் பட்டணத்தில் மழை கார்த்திகையோடு விடைபெறுகிறாள்; மார்கழிக் கோலத்தில் பூசணிப்பூ உட்காருகிறது; பனியோ வாசல் பக்கமே வராமல், புல்நுனியில் நாலு துளியாகத் தொங்கிவிட்டு, வெயில் ஏறுமுன் ஓடிவிடுகிறாள்.