குட்டைக்கரையில் ஒரு சொற்பொழிவு

ஒரு காட்டில் கோடை வந்து உட்கார்ந்துகொண்டது. எழுந்து போகவே இல்லை. ஓடை வற்றியது. சுனை வற்றியது. நடுக்காட்டில் இருந்த ஒரு குட்டையில் மட்டும் கலங்கலாகக் கொஞ்சம் தண்ணீர் மிச்சம் இருந்தது.

அந்தக் குட்டையையே நம்பி ஒரு புள்ளிமான் கிடந்தது. அதற்கு அப்போதுதான் குட்டி பிறந்திருந்தது. குட்டியின் பெயர் துள்ளி.

ஒருநாள் ஆட்காட்டிக் குருவி பறந்து வந்தது. அதற்குக் கீச்சுக் குரல். கண்டதைக் கத்துவதைத் தவிர வேறு வித்தை தெரியாது.

"மலைக்கு அந்தப் பக்கம் ஆறு ஓடுகிறது! என் கண்ணால் பார்த்தேன்! இந்தக் குட்டை தாங்காது. காலில் தெம்பு இருக்கும்போதே கிளம்புங்கள்!"

மான் காதை நிமிர்த்தியது. "என் பிள்ளை அவ்வளவு தூரம் நடக்குமா, தங்கச்சி?"

"இன்றைக்கு நடக்கும், அக்கா. தண்ணீர் வற்றிய பிறகு நடக்காது."

மான் கிளம்பத் துணிந்துவிட்டது. ஆனால் அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு, குழந்தைகளே. பெரிய காரியம் எதுவானாலும் குட்டைக்கரையில் கூட்டம் போடுவார்கள். பேசுகிறவர் பாதி வாக்கியத்தில் நிறுத்துவார். கூட்டம் மீதியைச் சொல்லி முடிக்கும். எல்லார் வாயிலும் வந்துவிட்டால் அதுதான் தீர்மானம். பிறகு யாரும் வாய் மாறக் கூடாது. மாறினால் சொந்த மந்தையே விலக்கிவைத்துவிடும். நல்ல வழக்கம்தான், மூளையை வீட்டில் வைத்துவிட்டு வருகிறவர்களுக்கு.

அந்தக் காட்டில் பேச்சு என்றால் கழுதைப்புலிதான். செத்ததைத் தின்று பிழைப்பது அதன் தொழில். அது எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் வாயைத் திறந்தால் தேன் ஒழுகுகிறதே என்று 'சொல்மாரி' என்று பட்டம் கொடுத்திருந்தார்கள். வானம் பொய்த்தாலும் சொல்மாரி பொய்க்காதாம்!

கூட்டம் கூடியது. முதலில் குருவி பேசியது. "ஆறு இருக்கிறது. குட்டை வற்றப் போகிறது. போகலாம்." அவ்வளவுதான் அதன் பேச்சு.

காட்டுப்பன்றி கொட்டாவி விட்டது. "இதெல்லாம் ஒரு பேச்சா? எதுகை உண்டா, மோனை உண்டா?"

அடுத்துச் சொல்மாரி பாறைமேல் ஏறியது. எல்லாரையும் ஒருமுறை பார்த்தது. பிறகு தழுதழுத்த குரலில் தொடங்கியது.

"என்னைப் பெறாத தாய்மாரே! என்னோடு பிறக்காத உடன்பிறப்புகளே! என் தாய் கண்மூடியது இந்தக் கரையில். உங்கள் தாய் கண்மூடியது எந்தக் கரையில்?"

"இந்தக் கரையில்!" என்றன முயல்கள், மூக்கை உறிஞ்சியபடி.

"ஆறாம் ஆறு! யாரும் பாராத ஆறு! கரடியார் பார்த்தாரா? யானையார் பார்த்தாரா? பார்த்தது ஒரு பிடிச் சதைகூட இல்லாத குருவி!"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. "நான் பார்த்தேனே!" என்று குருவி கத்தியது யார் காதிலும் ஏறவில்லை.

மான் எழுந்து நின்றது. "ஐயா, குட்டை வற்றினால் என் பிள்ளை எதைக் குடிக்கும்?"

சொல்மாரி கண்ணைத் துடைத்துக்கொண்டது. "கேட்டீர்களா, ஒரு தாயின் குரலை? இந்தத் தாயையா வெயிலில் நடக்கச் சொல்கிறார்கள்? இந்தப் பச்சைமண்ணையா பாறையில் ஏறச் சொல்கிறார்கள்?"

கேட்ட கேள்விக்கு அதில் பதில் எங்கே? பதில் இல்லை. ஆனாலும் மானுக்குக் கண் நிறைந்துவிட்டது. அதன் துயரத்தை இவ்வளவு அழகாக இதுவரை யாரும் சொன்னதில்லை.

"வாடினாலும் வதங்கினாலும் இந்த மண்ணை விட்டு..."

"போகமாட்டோம்!"

"தாகத்தில் தவித்தாலும் தாய்மண்ணை விட்டு..."

"போகமாட்டோம்!"

"உயிரே போனாலும் உறவுக்கரையை விட்டு..."

இந்தத் தடவை மானின் வாயும் சேர்ந்து சொல்லிவிட்டது. சொல்ல வேண்டும் என்று அது நினைக்கவே இல்லை. சுற்றியிருந்த அத்தனை பேரும் சொல்ல, தாளத்தோடு தானாக வந்துவிட்டது.

"அக்கா, நீயுமா?" என்றது குருவி.

"வாய் தவறி வந்துவிட்டது, தங்கச்சி. இனிமேல் போனால் மந்தை என்னை விலக்கிவிடும். தனியாகப் போனால் செந்நாய்கள் விடுமா?"

குட்டை வற்றியது. சேறு காய்ந்து வெடித்தது. துள்ளி அந்த வெடிப்பை நக்கிப் பார்த்தது. தாய் மடியிலும் பால் இல்லை. ஒரு மாலையில் அது தாயின் காலடியில் தலையைச் சாய்த்தது. அப்படியே போய்விட்டது. இதைச் சொல்ல எனக்கே நா எழவில்லை, குழந்தைகளே.

"இப்போதாவது போகலாம், வாருங்கள்!" என்று குருவி தொண்டை வறளக் கத்தியது. மான் எழப் பார்த்தது, கால் மடங்கிவிட்டது. மற்ற யாருக்கும் எழுந்து நிற்கத் தெம்பில்லை.

இரங்கல் கூட்டம் நடந்தது. சொல்மாரி வந்தது. அந்தக் காட்டில் அது மட்டும்தான் கொழுகொழுவென்று இருந்தது.

"துள்ளி சாகவில்லை! தாய்மண்ணின் மடியில் துயில்கிறது! அந்தத் தியாகத் தளிரை நாம்..."

"மறக்கமாட்டோம்!" என்றது கூட்டம், ஈனக்குரலில்.

மான் தேம்பித் தேம்பி அழுதது. "என் பிள்ளையைப் பற்றி எவ்வளவு அழகாகப் பேசினார், கேட்டாயா?" என்றது குருவியிடம்.

கூட்டம் ஊர்ந்து ஊர்ந்து கலைந்தது. சொல்மாரி மட்டும் குட்டியின் பக்கத்திலேயே நின்றது.

"நல்லடக்கத்தை நான் பார்த்துக்கொள்கிறேன், தாயே. நீ போய்ப் படுத்துக்கொள்" என்றது.

"உங்களுக்குப் பெரிய மனசு, ஐயா" என்று சொல்லிவிட்டு மான் நகர்ந்தது.

நீதி: பேச்சு எவ்வளவு இனித்தாலும், பேசுகிறவனின் வயிறு எதனால் நிறைகிறது என்று பார்த்த பிறகே தலையாட்ட வேண்டும்.